மெதேயாவின் பிள்ளைகளுக்குப் பெயர் என்ன?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நாடகம் போடுகிறாய் என்பதில் எனக்கு வியப்பில்லை; அதற்கு நீ பழைய கிரேக்க நாடகமான மெதேயாவைத் தேர்ந்தெடுத்ததில்தான் சற்றுத் திகைத்துப் போனேன். தாயே பிள்ளைகளைக் கொல்லும் கதையைப் பத்து வயதுக்காரர்கள் முன் எப்படி வைப்பது, முடிவை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

முடிவை மாற்றுவது பழைய வழக்கம்தான். 1681இல் நேஹம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனைப் பிழைக்க வைத்து, அவன் மகள் கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் திருமணம் முடித்து, கோமாளியை அடியோடு நீக்கினார். ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆங்கில மேடையில் கோலோச்சியது அந்த வடிவமே. 1838இல்தான் மக்ரெடி என்ற நடிகர் கோமாளியைத் திரும்ப அழைத்து வந்தார். இத்தனைக்கும் அரங்கில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள். ஆகவே பிள்ளைகளின் மனம் தாங்காது என்று யாராவது சொன்னால், சொல்பவரின் மனத்தைப் பற்றியே எனக்கு ஐயம் எழுகிறது.

உன் கடிதம் வந்த அன்று என் பேத்திக்கு இந்தக் கதையைப் பாதிவரை சொன்னேன். மெதேயாவின் கணவன் ஜேசன் வேறு பெண்ணை மணக்கப் போவதையும் அவள் சீற்றத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைகளுக்குப் பேர் என்ன தாத்தா?" என்றாள். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நாடகத்தை எழுதிய யூரிப்பிடிஸ் அவர்களுக்குப் பெயரே வைக்கவில்லை. கி.மு. 431இல் அரங்கேறிய அந்த நாடகத்தில் அவர்கள் வருகிறார்கள், போகிறார்கள், புது மணப்பெண்ணுக்குப் பரிசு என்று நஞ்சு தோய்ந்த ஆடையைச் சுமந்து செல்கிறார்கள். அவர்கள் வாய் திறப்பதெல்லாம் கடைசியில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, சில வரிகள் மட்டுமே. வெளியே நிற்கும் கொரிந்து நகரப் பெண்கள் உள்ளே போகலாமா என்று கேட்டுக்கொள்கிறார்கள், "ஆம், காப்பாற்றுங்கள்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது, ஒருவரும் போவதில்லை.

சுவீடனில் பேர் லிசாண்டரும் சுசான் ஓஸ்டனும் புகுந்த வழி இந்தக் கதவுதான் என்று நினைக்கிறேன். 1975இல் ஸ்டாக்ஹோமின் உங்கா கிளாரா நாடகக் குழுவுக்காக அவர்கள் எழுதிய 'மெதேயாவின் பிள்ளைகள்', சின்ன ஜேசன், சின்ன மெதேயா என்ற இரு பிள்ளைகளை நடுவில் நிறுத்தி, பெற்றோர் பிரியும் வீட்டை அவர்கள் பார்வையில் காட்டியது. பார்க்க வந்த சிறுவர்களில் சிலருக்காவது அந்தச் சண்டைச் சத்தம் தம் வீட்டில் கேட்டுப் பழகியதாக இருந்திருக்கும்.

ஆதலால் முடிவைத் தொடாதே, நிற்கும் இடத்தை மாற்று என்பதே என் யோசனை. பெரியவர்களுக்குச் செய்யுள் நடை, பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பேச்சு என்று மொழியைப் பிரித்துக் கொடு. கொலையைக் காட்டும் கவலை உனக்கு வேண்டாம்; யூரிப்பிடிஸே அதை மேடையில் காட்டவில்லை. அந்தக் குரலும், வெளியே நிற்பவர்கள் தயங்கும் தயக்கமும் போதும். அந்த இடத்தில் இசை மட்டும் வைத்துவிடாதே, உனக்கு ஆர்மோனியம் என்றால் ஆசை அதிகம் என்பதால் சொல்கிறேன்.

ஒத்திகை தொடங்கும் நாளை எழுது. பேத்தியையும் அழைத்து வருகிறேன். மீதிக் கதையை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
வேலாயுதம்