காலப்படங்களில் துரைமார் தொப்பி: உடை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்க் காலப்படங்களுக்கு உடை அமைக்கும் கலைஞர்களுக்கும் கலை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

வெள்ளைக்காரத் துரை என்றதும் திரையில் ஒரு தொப்பி வந்துவிடுகிறது. கவிழ்த்த கிண்ணம் போன்ற மண்டை, சுற்றிலும் சரிந்த விளிம்பு, உச்சியில் ஒரு குமிழ். அதுதான் சோலா தொப்பி. 1799இல் நடக்கும் கதையிலும் அதே தொப்பி, 1945இல் நடக்கும் கதையிலும் அதே தொப்பி. புடவைக் கரையிலும் நகையிலும் நீங்கள் காட்டும் அக்கறை இந்தத் தொப்பிக்கும் வேண்டும் என்று கேட்கவே, தொப்பி வேலையும் பழைய உடைப் பராமரிப்பும் அறிந்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் காலக்கணக்கு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். மருது சகோதரர்கள் 1801இல். அன்று கும்பினிப் படையில் சோலா தொப்பி கிடையாது. அதிகாரிகளுக்கு இருபுறமும் மடித்து நிறுத்திய கறுப்புத் தொப்பியைக் கொடுங்கள். அதுவே அந்தக் காலத்துக்குப் பொருந்தும். சோலா தொப்பி படைகளிடையே புழங்கத் தொடங்கியது 1840களில், பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த போர்களை ஒட்டித்தான்.

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் கதையை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் புரட்சியின் காரணங்களில் ஒன்றே தலையணிதான். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில் புது உடை விதிகள் வந்தன. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலில் செய்த சின்னம் குத்திய புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றார்கள். அந்தத் தலைப்பாகை பார்வைக்கு வெள்ளையர் தொப்பி போலவே இருந்தது. இன்றைக்குத் தொப்பி, நாளைக்கு மதமாற்றம் என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. இப்படி ஒரு கதையில், பிந்தைய தலைமுறையின் தொப்பியை ஓர் ஆங்கில அதிகாரியின் தலையில் வைப்பது சின்னப் பிழை இல்லை.

1877க்குப் பிறகான படைக்காட்சி என்றால் உயர்ந்த மண்டையும், முன்னும் பின்னும் கூம்பி இறங்கும் விளிம்பும் கொண்ட வெள்ளைத் தொப்பி. 1900ஐ ஒட்டி வுல்ஸ்லி வகை வந்தது. அதில் விளிம்பு சுற்றிலும் அகலம், பின்பக்கம் பிடரியை மூடுமளவுக்கு இறங்கும். 1930களின் கலெக்டருக்கும் தோட்டத் துரைக்கும் ‘பம்பாய் பௌலர்’ எனப்பட்ட எடை குறைந்த உருண்டைத் தொப்பி பொருந்தும். இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காட்டில் சண்டையிட்ட படையினருக்கு இவை எதுவுமே வேண்டாம். அங்கே வளைகிற ஃபெல்ட் தொப்பிதான்.

இப்போது பொருளுக்கு வருவோம். ‘சோலார்’ தொப்பி என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்கும் சூரியனுக்கும் தொடர்பில்லை. சோலா என்பது ஒரு நீர்ச்செடியின் வடநாட்டுப் பெயர். நமக்கு அது நெட்டி. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலையும் இதே செடியின் தண்டுதான். படைத்தொப்பிகள் பல, மரத்தக்கையில் செய்யப்பட்டவை. அவை கனமானவை, அடி தாங்குபவை. நெட்டி இறகு போல இருக்கும், வெப்பத்தை உள்ளே விடாது. ஆனால் அழுத்தினால் நொறுங்கும், மழையில் நீரை உறிஞ்சி ஊதிவிடும்.

செய்முறை கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். நன்றாகக் காய்ந்த தண்டின் பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, தண்டை உருட்டிக்கொண்டே கூரான கத்தியால் காகிதம் போலத் தாள் எடுக்க வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் தாள் கிழியும். மர அச்சின்மேல் மெல்லிய துணி விரித்து, தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாத் தாளும் ஒரே திசையில் போனால் காய்ந்தபின் அந்தத் திசையிலேயே பிளக்கும். பசை கெட்டியாக, குறைவாக இருக்கட்டும். ஈரம் மிஞ்சினால் நெட்டி சுருங்கி அச்சை விட்டு விலகும். மைதாப் பசையில், புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல், துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. அது நஞ்சு என்பதால் கையுறை அவசியம். ஒவ்வொரு அடுக்கும் நிழலில் காய்ந்தபிறகே அடுத்தது. ஓடு ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் கனம் வந்ததும் மேலே பருத்தித் துணியைத் துண்டு துண்டாக வெட்டி இழுத்து ஒட்டி, விளிம்பின் அடியில் கண்கூச்சத்தைக் குறைக்கும் பச்சைத் துணி வையுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது, தொப்பியின் உள்ளே தலையைச் சுற்றிப் பிடிக்கும் நெற்றிப்பட்டையில்தான். அதை ஓட்டோடு ஒட்டிவிடக் கூடாது. இடையிடையே சிறு தக்கைத் துண்டுகள் வைத்து, சுற்றிலும் விரல்கனம் இடைவெளி விட வேண்டும். கீழே புகும் காற்று உச்சிக் குமிழின் துளை வழியே வெளியேற வேண்டும்; குமிழ் இருப்பதே அதற்காகத்தான். இடைவெளி இல்லாத பிளாஸ்டிக் தொப்பியில் நடிகர் கால்மணி நேரத்தில் வேர்த்து ஒழுகுவார், ஒப்பனையும் கலையும். மண்டையைச் சுற்றி வரும் மல்துணிப் பட்டையும் கவனத்துக்குரியது. அது தலைப்பாகையின் வழிவந்தது. மடிப்பு மடிப்பாகச் சுற்ற வேண்டியது. நாடா ஒட்டினால் நெருக்கக் காட்சியில் உடனே தெரிந்துவிடும்.

அணியும் முறையையும் நடிகர்களிடம் சொல்லுங்கள். சோலா தொப்பி மட்டமாக, புருவத்துக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். பின்னால் சாய்த்தால் பிடரி வெயிலில் நிற்கும், தொப்பியின் வேலையே கெட்டுவிடும். இந்திய வெயில் மூளையையும் முதுகெலும்பையும் தாக்கும் என்று அன்றைய ஐரோப்பியர் நம்பினார்கள். அதனால் பகலில் வெறுந்தலையோடு வெளியே வரத் தயங்கினார்கள், பொழுது சாய்ந்ததும் கழற்றிவிட்டார்கள். இரவு விருந்திலும், அலுவலக மேசையின் பின்னாலும் துரை தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் காட்சிகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் தொப்பி ஆணியில் தொங்கட்டும். இந்திய அதிகாரிகளிலும் இதை அணிந்தவர்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். கதை முடிவானவுடனேயே தஞ்சைப் பகுதி நெட்டிக் கலைஞர்களை அணுகுங்கள். படப்பிடிப்புக்குப் பத்து நாள் முன்பு கேட்டால் அடுக்குகள் காயவே நேரம் போதாது. நடிகரின் தலைச்சுற்றளவை நெற்றியின் நடுவே அளந்து, செயற்கை முடி வைப்பதாக இருந்தால் அதோடு சேர்த்தே அளந்து கொடுங்கள். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தொப்பி வேண்டும். மழைக்காட்சிக்கும் சண்டைக்காட்சிக்கும் மூன்றாவதைத் தக்கையில் செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
தொப்பி வேலை அறிந்த சிலர்