சேஃப்டி கோழைகளுக்கானதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கைத்துப்பாக்கிகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "கையால் போட்டு எடுக்கும் சேஃப்டி, தன் விரலை நம்பாத கோழைக்கு மட்டுமே தேவை" என்று ஒரு வரி வருகிறது. சேஃப்டி என்பது துப்பாக்கி சுடாதபடி பூட்டிவைக்கும் அமைப்பு; கையால் போடுவது கட்டைவிரலால் தள்ளும் ஒரு சிறு நெம்புகோல். உறையிலிருந்து துப்பாக்கியை எடுப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியவர், எடுத்ததைத் திரும்ப உறையில் வைப்பது பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருடைய வீரர்கள் எடுத்த துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார்கள் போலிருக்கிறது.

நான் ஆயுதப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோழைப் பட்டம் எனக்கு மட்டும் என்றால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். என்னிடம் சேஃப்டி போடப் பழகி, இரண்டு கால்களும் முழுதாக இருக்கப் பணி ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து வழங்கிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உயிருக்கு ஆபத்து வந்து துப்பாக்கியை உருவும் நாள், பெரும்பாலானவர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலும் வருவதே இல்லை. உறையில் செருகுவதோ ஒவ்வொரு நாளும் நடக்கிறது. களைத்துப் போயிருக்கும்போது, இருட்டில், மழையில், மேலதிகாரி கூப்பிடும் அவசரத்தில் நடக்கிறது. தன் துப்பாக்கியால் தவறுதலாகத் தன்னையே சுட்டுக்கொண்டவர்களில் பலர் அதை உறைக்குள் வைக்கும்போதுதான் சுட்டுக்கொண்டார்கள். கட்டுரையாளர் அந்த ஒரு நொடிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஆண்டுகளைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

சுடுதளத்தில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், இடுப்பில் நாடா வைத்த மேலங்கி போட்டிருந்தார். நாடாவின் நுனியில் பிளாஸ்டிக் குமிழ். சுட்டு முடித்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல் துப்பாக்கியை உறைக்குள் இறக்கினார். பாதி போனதும் நின்றது. அழுத்தினார். போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். பின்னால் நின்ற எனக்கு நாடா விண்ணென்று இழுபட்டிருப்பது தெரிந்தது, மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். விசைக்கும் (ட்ரிகர்) அதன் காப்பு வளையத்துக்கும் நடுவே குமிழ் போய்ச் சிக்கியிருந்தது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், சுடத் தயாராகத் தோட்டா, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் பின்னுக்கு இழுபட்ட நிலையில், குழல் முனை அவருடைய கெண்டைக்காலைப் பார்த்தபடி. ஹை பவர் வகைப் பிஸ்டல் அது. சேஃப்டி மேலே ஏற்றப்பட்டிருந்ததால் சுத்தியல் விழவில்லை. அவர் விரல் நேராக நீண்டு, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. கட்டுரையாளர் போற்றும் அந்த விரல் ஒரு குற்றமும் செய்யவில்லை. விசையை இழுத்தது நாடா. நாடாவுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்பதையும் அவரே எழுதினால் தெரிந்துகொள்கிறேன்.

இது இன்று நேற்று வந்த கவலையும் அல்ல. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் கோல்ட் நிறுவனத்துக்காக உருவாக்கிய பிஸ்டலின் 1910ஆம் ஆண்டு மாதிரியில் கட்டைவிரல் சேஃப்டி இல்லை. கேட்டு வாங்கியது அமெரிக்கக் குதிரைப்படை. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுத்தியல் ஏறிய பிஸ்டல், கீழே மிரண்டு நிற்கும் குதிரை. இந்த நிலையில் ஒரே கையால் ஆயுதத்தைப் பூட்டி உறையில் வைத்தாக வேண்டும். அதற்காகச் சேர்ந்ததுதான் 1911 மாடலில் நாம் பார்க்கும் அந்தச் சிறு நெம்புகோல். குதிரைப்படையையும் கோழைகள் பட்டியலில் சேர்த்துவிட்டாரா என்று தாங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

கட்டுரையின் பெரிய ஆதாரம் கிளாக் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் பிஸ்டல். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் 17இல் கைச் சேஃப்டி கிடையாது என்பது உண்மைதான். அதற்குள் தானாக இயங்கும் மூன்று தடுப்புகள் இருப்பதும் உண்மை. ஆனால் அவை எதைத் தடுக்கின்றன? கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ சுடாமல் தடுக்கின்றன. விசை இழுபட்டால் மூன்றும் வரிசையாக வழிவிட்டு ஒதுங்கும். அதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. விசையின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கை அழுத்துவது விரலா, நாடாவா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. விழுந்தால் வெடிக்காமல் இருப்பது ஒரு காரியம். விசை தவறுதலாக இழுபட்டால் வெடிக்காமல் இருப்பது வேறு காரியம். இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து, "நவீனத் துப்பாக்கிகள் கீழே போட்டாலும் சுடாது, ஆகவே சேஃப்டி வேண்டாம்" என்று முடித்திருக்கிறார். சிக் சாயர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலில் 2017ஆம் ஆண்டு வெளிப்பட்ட சிக்கல் விழும் வகையைச் சேர்ந்தது. குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் விசை தன் எடையாலேயே பின்னுக்குப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் எடை குறைந்த விசையைப் பொருத்தித் தர முன்வந்தது. அதே 2017இல் அமெரிக்க ராணுவம் அதே பி320இன் வேறொரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது, கைச் சேஃப்டியோடு. அந்தப் போட்டிக்குக் கிளாக் நிறுவனமே கைச் சேஃப்டி வைத்த பிஸ்டலைத்தான் அனுப்பியது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் கட்டுரையில் எப்படி விடுபட்டது என்பதே என் வருத்தம்.

"ரிவால்வரில் ஏது சேஃப்டி?" என்று மடக்கியிருக்கிறார். விசையை இழுத்தாலே சுத்தியல் ஏறி இறங்கும் ரிவால்வரில் விசையின் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஏறத்தாழ 10 முதல் 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். அந்தக் கனம்தான் அதன் சேஃப்டி. போதாததற்கு, உறையில் வைக்கும்போது சுத்தியலின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டால், விசையில் ஏதாவது சிக்கினால் சுத்தியல் எழும்புவது விரலுக்குத் தெரிந்துவிடும். கிளாக்கில் சுமார் ஐந்தரை பவுண்டுதான். விரல் வைக்கச் சுத்தியலும் வெளியே இல்லை. நெம்புகோல் வேண்டாம் என்றால் விலையை வேறெங்காவது கொடுக்க வேண்டும். நியூயார்க் போலீஸ் பல ஆண்டுகள் தன் பிஸ்டல்களின் விசையை 12 பவுண்டுக்கு இறுக்கி வைத்து அந்த விலையைக் கொடுத்தது. கனத்த விசையை இழுக்கும்போது குழல் முனை ஆடும் என்பது ஒரு பெட்டித் தோட்டா சுட்டவருக்கும் தெரியும்.

எல்லா நெம்புகோலும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. பழைய ஹை பவரின் சேஃப்டி நகக்கண் அளவுதான் இருக்கும். வியர்த்த கட்டைவிரலுக்கு அகப்படாது. திசைக் குழப்பம் அதைவிட மோசம். 1911இல் கீழே தள்ளினால் சுடும். ரஷ்யாவின் மக்காரோவ் பிஸ்டலிலும் அப்படியே. இத்தாலியின் பெரெட்டா 92 எஃப்எஸ் பிஸ்டலில் நெம்புகோல், சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடில் இருக்கிறது, கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். ஒன்றில் பழக்கிவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுத்தால் அவசரத்தில் ஆள் தடுமாறத்தான் செய்வார். இதைத்தான் கட்டுரை எழுதியிருக்க வேண்டும்: எந்தச் சேஃப்டி, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம், எத்தனை நாள் பயிற்சி என்று. உருவும்போதே கட்டைவிரல் கீழிறங்கும்படி பழகியவர் சேஃப்டியை எடுக்க எளிதில் மறப்பதில்லை. எடுக்க மறந்து செத்தவர்கள் என்று கட்டுரை யாரையோ சொல்கிறது. ஊர், பேர், ஆண்டு எதுவும் இல்லை.

சேஃப்டி இருக்கிறது என்ற தைரியத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை மேசையில் விட்டுச் செல்கிறவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1991இல் துப்பாக்கி விபத்துச் சாவுகளை ஆராய்ந்தது. சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் இருந்திருந்தால் 23 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம், தானாகப் பூட்டிக்கொள்ளும் குழந்தைக் காப்பு இருந்திருந்தால் 8 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டோம், காலியாகத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையே நெம்புகோலைவிடப் பெரிய பிரச்சினை என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது. அது பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இடம் போதவில்லை போலும்; பாதிப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டது.

அந்தப் படம்! பிஸ்டல் சேஃப்டி பற்றிய கட்டுரைக்கு ரிவால்வர் படம். சேஃப்டி நெம்புகோலே இல்லாத ஆயுதத்தைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். அதிலும் பிடித்திருப்பவரின் ஆள்காட்டி விரல் விசையின் மேல் அழகாகப் படிந்திருக்கிறது. "விரலே சேஃப்டி" என்ற கட்டுரைக்கு மேலே அந்த விரல். முன்பு ஒரு முறை அட்டைப்படத்திலும் இதே விரலைப் பார்த்துவிட்டு எழுதினேன், பதில் இல்லை. அதற்கும் முன்னால் காவலர் பயிற்சி பற்றி நீண்ட கடிதம் அனுப்பினேன். அதிலிருந்து தங்கள் குறுக்கெழுத்துப் போட்டியைப் பாராட்டியிருந்த ஒரே வரி மட்டும் அச்சானது. குறுக்கெழுத்து இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்திலிருந்து அந்த வரியை எடுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கீழே விழுந்தால் சுடாமல் காக்கும் உள்தடுப்பும் கையால் போடும் சேஃப்டியும் ஒன்றல்ல என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் வெளியிட்டால் போதும். இனித் துப்பாக்கி பிடித்த கையைப் படம் போடும்போது, விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்து அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆயுதப் பயிற்சியாளர் ஒருவர்