கசடு எருவாகி வரட்டும்

ஐயா,

ராத்திரியில் எங்கள் இட்டேரியில், அதாவது தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப் பாதையில், செப்டிக் டேங்க் லாரி நின்றால், விடிந்ததும் பள்ளத்துப் பக்கம் போக முடிவதில்லை. நொய்யலில் சேரும் பள்ளம் அது. சிலர் அந்தக் கழிவைத் தென்னைக்குப் பச்சையாகவே விடுகிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டுதான்; குடற்புழு முட்டையும் உண்டே!

அமெரிக்காவில் 1993-ல் வந்த விதிப்படி, கழிவுநீரில் படியும் கசடை நீளக் குவியலாகப் போட்டு மக்க வைத்தால் 55 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாளாவது நிற்க வேண்டும். அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். எருக்குழி வெட்டிப் பழகிய நமக்கு இது ஆகாத வேலையா? தென்னை நார்க் கழிவுக்கும் இங்கே பஞ்சமில்லை, கலந்து மக்க வைக்கலாம்.

ஒன்று மட்டும்: சாயப்பட்டறைக் கசடு ஒரு கூடைகூட இதில் சேரக் கூடாது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அதற்குக் கீழே பாழான விவசாயக் காடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கோவையின் உக்கடம், ஒண்டிப்புதூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் கசடை இப்படி மக்க வைத்து, உலோக அளவைச் சோதித்த சீட்டோடு மூட்டையாகக் கொடுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.

தென்னை விவசாயி ஒருவர்,
சூலூர் வட்டம்.