காப்புறுதி ஆணைக்குழுவுக்கு ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் மடல்

இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம். கொழும்பில் பாடசாலைக் கூரை, வடிகான், மதில் என்று அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர்களில் நானும் ஒருவன். எங்கள் விலைமனு ஏற்கப்பட்டு வேலை கிடைத்ததும் நாங்கள் காப்புறுதிக் கந்தோருக்கு ஓடுவோம். எது மலிவோ அந்தக் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பல பக்கம், யார் வாசிப்பது?

வாசிக்காததன் விலை பெரியது. உதாரணத்துக்கு, ஒரு கோடி ரூபாய்ப் பெறுமதியான வேலையை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம் என்று வையுங்கள். மழையில் 10 இலட்சத்துக்குச் சேதம். முழுத்தொகையும் வருமென்றுதான் எவரும் நினைப்பார். நூற்றுக்கு அறுபதுதான் காப்புறுதி செய்தோம் என்று கம்பனி அதே விகிதத்தில் வெட்டினால் மிஞ்சுவது 6 இலட்சம். அதிலும் நாங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழியும். 2022இல் ரூபாய் சரிந்து சீமெந்தும் கம்பியும் எகிறியபோது, பழைய தொகையிலேயே பத்திரத்தை வைத்திருந்தவர்கள் தெரியாமலே இந்த நிலைக்குள் போனார்கள். பிரீமியம் வாங்கியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் இவற்றுக்கான காப்பைத் தனியாகக் கேட்டு, மேலதிகமாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். பிழையாகக் கட்டிய சுவரைத் திரும்பக் கட்டும் செலவு பொதுவாகக் கிடைக்காது. கூலியாட்களுக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டப்படியான காப்பு வேறாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம் செயலாற்றுகைப் பிணை, அதாவது வேலையை ஒப்பந்தப்படி முடிப்போம் என்பதற்கு நாங்கள் கொடுக்கும் உத்தரவாதம். அதையும் காப்புறுதிக் கம்பனியே தருவதால், வேலை முறிந்தால் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் எங்களில் ஏராளம். கம்பனி வேலை தந்த திணைக்களத்துக்குக் கட்டும், உண்மைதான். கட்டியதை எங்களிடமே திரும்ப அறவிடும்; ஈடாக எழுதிக்கொடுத்த வீடும் காணியும் அங்கேதான் மாட்டும்.

நாங்கள் கேட்பது ஒரேயொரு பக்கம். பணம் கட்டுவதற்கு முன்னமே, தமிழிலும் சிங்களத்திலும், எது அடங்கும், எது அடங்காது, எங்கள் பங்கு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று எழுதி, முகவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் அரசாங்க வேலைக்கான எந்தப் பத்திரத்தையும் விற்கக்கூடாதென்று கம்பனிகளுக்குப் பணிப்புரை விடுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர்