நாலும் சிவப்பு

முரளி,

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடாதவன் இப்போது எழுதுகிறேன். திட்டுவதை மொத்தமாக அப்புறம் திட்டு. இங்கே எல்லோரும் நலம். என் முடி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. பாபு இன்னும் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ராத்திரி விமானம் ஓட்டப் பழகும் ஒரு பையனைச் செஸ்னா என்கிற சின்ன விமானத்தில் கூட்டிப்போனேன். பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். நிலா இல்லை. கறுப்புத் துணியில் கற்கண்டு கொட்டியது போல ஊர் விளக்கு, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ரன்வே பளிச்சென்று தெரிந்தது. அவன் இறக்கிக்கொண்டே வந்தான், எனக்கும் எல்லாம் சரியாகவே பட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன். சரியாகவே பட்டதடா!

திடீரென்று ரன்வேயின் இந்தப் பக்கத்து விளக்குகள் சில காணாமல் போயின. விளக்கு எங்கே போகும்? நடுவில் மேடு. அவன் கையிலிருந்து கன்ட்ரோலைப் பிடுங்கி முழு பவர் கொடுத்தேன். ஏற ஏற விளக்கெல்லாம் திரும்பி வந்தது. அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். ரன்வேக்கு 5 நாட்டிகல் மைல் இருந்தது. இறங்கும்போது மைலுக்கு 300 அடி என்ற கணக்குப்படி ரன்வேயைவிட 1,500 அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தது 700. ரன்வே ஓரத்தில் உயரம் சரியா என்று காட்டும் பாப்பி விளக்கு நாலும் சிவப்பாகத்தான் எரிந்திருக்கும், மிகத் தாழ்வு என்று அர்த்தம். இரண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்லை.

இருட்டுத் தரைமேல் வரும்போது உயரமாக இருப்பதாகத் தோன்றும், தெரியாமலே இறக்கிவிடுவோம் என்று வாரம் ஒருமுறை போர்டில் படம் போட்டு விளக்குபவன் நான்!

ஃப்ளோரிடாவில் நடந்த தல்லஹாசி விபத்து ஞாபகம் இருக்கிறதா? 2002 ஜூலை, ஃபெடெக்ஸ் 727 சரக்கு விமானம், விடியுமுன் காட்டுக்கு மேலே விஷுவல் அப்ரோச், அதாவது கண்ணால் பார்த்தே இறங்குவது. மரத்தில் இடித்து ரன்வேக்கு முன்பே விழுந்தது, மூன்று பேரும் பிழைத்தார்கள். ஓட்டிய துணை விமானிக்கு நிறப் பார்வையில் குறை என்று படித்துவிட்டு, "அவனுக்குச் சிவப்பு தெரியாது, மற்ற இரண்டு பேருக்கு என்ன கேடு?" என்று நீயும் நானும் மெஸ்ஸில் கிண்டல் அடித்தோமே. களைப்பும் காரணம் என்று அறிக்கையில் இருந்தது, அதை மட்டும் நாம் வசதியாக விட்டுவிட்டோம். எனக்கு அன்றைக்குக் களைப்புகூட இல்லை.

திரும்பும்போது சூப்பர்ஸ்டிஷன் மலைப் பக்கம் வந்தோம். பாபு "மூடநம்பிக்கை மலை" என்று பேர் வைத்தானே, அதுதான். 2011 நவம்பரில், அமாவாசையை ஒட்டி, ஃபால்கன் ஃபீல்ட் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் அதில்தான் மோதியது. ஆறு பேர், அதில் மூன்று குழந்தைகள். பகலில் எவ்வளவு பெரிய மலை! அன்று ஜன்னலில் தேடினேன், நட்சத்திரம் இல்லாத ஒரு துண்டு வானம்தான் தெரிந்தது.

உன் ஏர்பஸ்ஸில் தரை நெருங்கினால் பெட்டி கத்தும். என் செஸ்னாவில் நான்தான் கத்த வேண்டும். இனி ராத்திரியில் மேப்பில் மேட்டின் உயரம் பார்க்காமல், மைலுக்கு 300 போடாமல் எவனையும் இறங்க விடமாட்டேன்.

கீழே வந்ததும் பையன், "சார், என்னைச் சோதிக்கத்தானே பிடுங்கினீங்க?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அவனுக்கு வகுப்பு. எப்படி ஆரம்பிப்பது? அதற்குள் பதில் போடு.

உன்,
சேகர்