உடைந்த கிளாசுக்கு வரி வாங்காதீர்கள்

சுங்க வரிக்கு விதி எழுதும், வரியைக் கணக்கிடும், வசூலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூர் லாங் பஜாரை ஒட்டிய தெருவில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவர் காலத்து ரசீதுப் புத்தகத்தில் ‘வேலூர், வ.ஆ. மாவட்டம்’ என்று அச்சடித்திருக்கும். அந்த வட ஆற்காடு மாவட்டம் 1989லேயே பிரிந்துவிட்டது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி ஜூஸ் கடைக்காரர்களும் கல்யாண காண்ட்ராக்டர்களும் இன்றைக்கும் எங்களிடம்தான் வருகிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து காக்டெயில் கிளாஸ் இறக்குமதி செய்தேன். 40 பெட்டி, பெட்டிக்கு 24, மொத்தம் 960. அதில் 212 உடைந்திருந்தது. 960க்கும் வரி கட்டியிருக்கிறேன். உடைந்ததற்கு வரி வாங்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெம்போவிலிருந்து பெட்டியை இறக்கும்போதே உள்ளே சலங்கை மாதிரி சத்தம் கேட்டது. கண்ணாடி வியாபாரிக்கு அந்தச் சத்தம் போதும், பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். ஆனாலும் பிரித்துத்தானே ஆக வேண்டும். வாய் அகன்று, காம்பு மெலிந்து நிற்கும் கிளாஸ் அது. உடைந்தால் பெரும்பாலும் காம்பு கிண்ணத்தோடு சேருகிற இடத்தில்தான் உடையும். பெட்டிக்குள் கிண்ணம் ஒரு பக்கம், அடித்தட்டு ஒரு பக்கம் கிடந்தது. எங்கள் கடையில் பதினைந்து வருஷமாக வேலை செய்யும் அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்லதைத் தனியாக வைத்தார். விரிசல் மட்டும் விட்டதை விரல் நுனியால் சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவார், மொட்டையாகச் சத்தம் வரும். அப்படிப் பார்க்கும்போது ஒன்று கையிலேயே பிளந்து கட்டை விரலில் இரண்டு தையல் போட வேண்டியதாகிவிட்டது. துண்டுகளைக் கோணிச் சாக்கில் கட்டி, குப்பை எடுக்க வருபவர்கள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாதே என்று மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி வைத்தேன். மூன்று சாக்கு.

அந்த மூன்று சாக்குக்கும் வரி கட்டியிருக்கிறேன், ஐயா.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கிளாசின் மதிப்பு 100 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 20. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 2 ரூபாய். ஆக 122. அதற்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து வரி மட்டும் 43 ரூபாய் 96 காசு. 212 கிளாசுக்கு 9,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. விற்ற கிளாஸ் என்றால், விற்பனைக்கு நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் இந்த ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வேன். உடைந்த சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. அதாவது விற்க முடிகிற கிளாசைவிட விற்கவே முடியாத கிளாசுக்கு நான் அதிக வரி சுமக்கிறேன். உங்களுக்கு இது பெரிய தொகை இல்லை. விரலில் தையல் போட்டுக்கொண்ட அந்த அக்காவின் மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1962ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம், 22ஆம் பிரிவு. சேதமான சரக்குக்கு வரியைக் குறைக்கலாம். ஆனால் சேதம் சரக்கு இறங்குவதற்கு முன்போ இறங்கும்போதோ நடந்திருக்க வேண்டும், அல்லது இறங்கிய பிறகு, சோதனைக்கு முன்னால் விபத்தில் நடந்திருக்க வேண்டும். அதை உங்கள் அதிகாரிக்கு நிரூபிக்கவும் வேண்டும். சரி, நியாயம்தான். ஆனால் இப்போது பெரும்பாலான பெட்டிகளை யாரும் திறப்பதே இல்லையே? கம்ப்யூட்டர் ஆபத்தில்லாத சரக்கு என்று சொல்லிவிட்டால் சீல் வைத்த பெட்டி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. 2020லிருந்து முகம் பாராத மதிப்பீடு வேறு வந்துவிட்டது. சரக்கு ஒரு ஊரில் இருக்கும், மதிப்பிடும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார். சீக்கிரம் வேலை நடக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் திறக்காத பெட்டிக்குள் உடைந்ததை நான் எப்படி முன்கூட்டியே காட்டுவது?

சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டைக் கேட்டேன். “ஃபர்ஸ்ட் செக் கேட்டிருக்கலாமே அண்ணே” என்றார். வரி போடுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து சோதிப்பதுதான் ஃபர்ஸ்ட் செக். கேட்கலாம்தான். சோதனைக்கு ஆள் வரும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும், நாளுக்கு நாள் தரை வாடகை ஏறும். 40 பெட்டி போடுகிறவனுக்கு அந்த வாடகையே உடைந்த கிளாசைவிடப் பெரிய நஷ்டம்.

துறைமுகத்திலிருந்து வேலூருக்கு வரும் வழியில் உடைந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாப் பெட்டிக்கும் போட்டோ வைத்திருக்கிறேன். உடைந்ததெல்லாம் ஈரம் பட்டு, அடி நசுங்கி, காய்ந்து மொரமொரப்பாகிப்போன பெட்டிகளில்தான். அன்றைக்கு வழியில் மழை இல்லை. டெம்போவில் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காக்டெயில் கிளாஸ் என்றதும் ஆடம்பரம், குடிக்கிறவன் கொடுக்கட்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2020 பட்ஜெட்டில், வரி அட்டவணையில் கண்ணாடிச் சாமானுக்கான 7013ஆம் தலைப்புக்குச் சுங்க வரி 10 சதவீதத்தை 20 ஆக்கியபோது என் காதுபடவே அப்படிப் பேசினார்கள். என்னிடம் இந்தக் கிளாசை அதிகம் வாங்குவது வாணியம்பாடி, ஆம்பூர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர்கள். அந்தப் பந்தலில் ஒரு சொட்டு மது கிடையாது. ரோஸ் மில்க்கும் நன்னாரி சர்பத்தும் ஊற்றித் தருகிறார்கள். காட்பாடியில் காலேஜ் பிள்ளைகளை நம்பி ஜூஸ் கடை போட்டவர்கள் வாங்குகிறார்கள். உள்நாட்டுச் சரக்கை வாங்கலாமே என்பவர்களுக்கும் சொல்கிறேன், என் கடையில் பாதிக்கு மேல் உத்தரப் பிரதேசத்துக் கண்ணாடித் தொழில் ஊரான பிரோசாபாத் சரக்குதான். அந்தத் தொழிலாளிகள் பிழைக்க வரி போடுங்கள், நான் கட்டுகிறேன். உடைந்த கிளாசுக்கு வரி வாங்கினால் பிரோசாபாத்தில் யாருக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கும்?

இந்த வரி அட்டவணையில் காம்பு வைத்த கிளாசுக்கு ஒரு எண், காம்பில்லாததற்கு ஒரு எண், ஈயம் கலந்த படிகக் கண்ணாடிக்குத் தனி எண் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த நீங்கள், அந்தக் காம்பு கப்பலில் வரும்போதே உடையும் என்பதையும் பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிச் சாமானுக்கு மட்டுமாவது, சரக்கு வெளியே வந்து பதினைந்து நாளுக்குள், சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயரின் சான்றோடும் போட்டோவோடும் விண்ணப்பித்தால் உடைந்ததற்குக் கட்டிய வரியைத் திருப்பித் தர விதி செய்யுங்கள். அது முடியாதென்றால், சிறு இறக்குமதியாளர் ஃபர்ஸ்ட் செக் கேட்டால் அன்றைக்கே பார்த்துவிட்டு, தரை வாடகை இல்லாமல் விடச் சொல்லுங்கள். இரண்டில் எது ஆனாலும் சரி. உடைந்த கிளாசுக்கு மட்டும் வரி வாங்காதீர்கள்.

மூன்று சாக்கும் இன்னும் கடையின் பின்கட்டில்தான் இருக்கிறது. உங்களில் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால், அதுவரை குப்பையில் போடாமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
வேலூர் கண்ணாடிச் சாமான் வியாபாரி ஒருவன்