மார்பக இம்பிளாண்ட் அகற்றம்: பேக்கேஜ் மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

களியக்காவிளைப் பக்கத்தில் மார்பக இம்பிளாண்ட் அகற்ற நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ விசாரிப்பவர்கள் ‘பேக்கேஜ் எவ்வளவு’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மயக்க மருந்து, நீர் வடிக்கும் ட்ரெயின் குழாய், பயாப்சி (திசுச் சோதனை) சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். அகற்றியபின் மார்பகத் தொய்வு சரிசெய்வதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். அழகுக்காக வைத்ததென்றால் காப்பீடு பெரும்பாலும் கைவிரிக்கும்.

இம்பிளாண்டைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்புறையையும் எடுத்தால் நேரமும் செலவும் கூடும். விலாவோடு ஒட்டிய உறையை முழுதாக உரிக்கப்போனால் நுரையீரல் உறை கிழியலாம். எல்லோருக்கும் அது தேவையுமில்லை.

2019இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு இம்பிளாண்ட் வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டபோதும், அறிகுறியில்லாதவர்கள் அகற்றுவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் கழித்து ஒருபக்க மார்பகம் வீங்கினால், உள்ளே சேர்ந்த நீரை அந்தப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் சிடி30 சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இம்பிளாண்ட் வைத்தபோது தந்த, அதன் வகை குறித்த அட்டையையும் எடுத்துப்போங்கள்.

— அறுவை அரங்கச் செவிலியர்கள் சிலர், களியக்காவிளை